கிராஃப்டன் ஊரின் லிண்ட்: குடியேறி வந்த ஒரு புகைப்படக்காரரும் அவருக்குக் காசு கொடுத்தவர்களும்

காலனிக் காலத்தில் புதிதாக முளைத்த ஒரு குடியேற்ற ஊரில், வேற்று நாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஒரு புகைப்படக்காரர் எப்படிப் பிழைத்தார், யாருக்காகப் படம் எடுத்தார், அவர் விட்டுச் சென்ற படங்களை வரலாற்றுச் சான்றாக எந்த அளவுக்கு நம்பலாம் என்பது கேள்வி. பொதுப்படையாகப் பதில் சொல்லப் போனால் அது எந்த ஊருக்கும் சரியாகப் பொருந்தாமல் போய்விடும் என்பதால், ஒரே ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காலனியில், கிளாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கிராஃப்டன் என்ற ஊரில் தொழில் நடத்திப் பெயர் பெற்று, பின்னர் மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்த ஜான் வில்லியம் லிண்ட் என்ற ஜெர்மானியர் அவர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிண்டின் படங்களில் எது இடம்பெற்றது, எது விடுபட்டது என்பதை அவருடைய கலைத்திறனைவிட, அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் யார் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவருடைய படங்கள் தெளிவாகவே பேசுகின்றன.

லிண்ட் 1845ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரில், சுங்கவரி அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடி, டச்சுப் பாய்மரக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கப்பல் பிரிஸ்பேன் துறைமுகத்தை அடைந்தபோது அதிலிருந்தும் நழுவிவிட்டார். ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் மாலுமிகள் இப்படிக் கப்பலைக் கைவிட்டு ஊருக்குள் மறைவது அக்காலத்தில் அடிக்கடி நடந்ததுதான், ஏனெனில் கடலில் கிடைத்த கூலியைவிடக் கரையில் கிடைத்த கூலி அதிகம், தங்கம் கிடைக்கும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. 1863ஆம் ஆண்டு வாக்கில் அவர் கிராஃப்டன் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயக் காலனிக்குள் வந்த இந்த இளைஞனின் தாய்மொழி ஆங்கிலமன்று, கையில் மூலதனமில்லை, கப்பலைவிட்டு ஓடியவன் என்ற பழி வேறு. இப்படிப்பட்ட ஒருவருக்கு அந்த ஊரில் என்னென்ன வழிகள் திறந்திருந்தன என்று பார்க்க, ஊரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

கிளாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஐரோப்பியர் 1830களின் பிற்பகுதியில் செந்தேவதாரு மரங்களைத் தேடி வந்தனர். மரம் வெட்டுவோரைத் தொடர்ந்து ஆட்டு மந்தைகளும் மாட்டு மந்தைகளும் வந்தன. 1851இல் ஊருக்கு முறைப்படி கிராஃப்டன் என்று பெயரிடப்பட்டது. 1861இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு கொண்டுவந்த நிலச் சட்டங்கள், சாதாரணக் குடியேறி ஒருவர் 40 முதல் 320 ஏக்கர் வரையிலான நிலத்தை ஏக்கருக்கு ஒரு பவுண்டு விலையில், நான்கில் ஒரு பங்கை மட்டும் முதலில் கட்டித் தேர்ந்தெடுத்துக்கொள்ள வழிசெய்தன. இதனால் சிறு விவசாயிகள் வந்தனர். மக்காச்சோளமும் பின்னர் கரும்பும் பயிரிடப்பட்டன. 1874இல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஹார்வுட் சர்க்கரை ஆலை நிறுவப்பட்டது. இரயில் பாதை இருபதாம் நூற்றாண்டில்தான் அந்த ஊரை எட்டியது. அதுவரை ஆளும் சரக்கும் கடிதமும் சிட்னியிலிருந்து நீராவிக் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

இத்தகைய ஊரில் புகைப்படத்துக்கு ஒரு நிச்சயமான தேவை இருந்தது. தாய்நாட்டில் விட்டுவந்த பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும், தாம் உயிரோடு இருக்கிறோம், ஓரளவு வசதியாகவும் இருக்கிறோம் என்று காட்ட வேண்டிய கட்டாயம் குடியேறிகள் எல்லோருக்கும் இருந்தது. பாரிஸ் நகரின் புகைப்படக்காரர் டிஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்ற விசிட்டிங் கார்டு அளவுப் படங்கள் இந்தத் தேவைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல அமைந்தன. ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுத்து, தாளில் அச்சிட்டு, வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டித் தருவார்கள். அட்டை சுமார் பத்து சென்டிமீட்டர் உயரமும் ஆறரை சென்டிமீட்டர் அகலமும் இருக்கும், உறைக்குள் அடங்கிவிடும், ஒரு டஜன் வாங்கினால் உறவினர் எல்லோருக்கும் அனுப்பலாம். கடிதம் இங்கிலாந்து போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆன காலத்தில், அந்தச் சிறு அட்டைக்கு இருந்த மதிப்பை இன்று நம்மால் முழுமையாக உணர முடியுமா என்பது சந்தேகம்தான். கடன் வாங்கிய கோட்டும், ஸ்டுடியோவின் நாற்காலியும், வரைந்த திரையிலுள்ள மாளிகைத் தூணும் அந்தப் படத்தில் இருக்கும். மண் தரையும் மரப்பட்டைக் கூரையும் கொண்ட குடிசை இருக்காது. வாடிக்கையாளர் கேட்டது அதுதான்; புகைப்படக்காரர் கொடுத்ததும் அதுதான்.

தொழில்முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அக்காலப் படங்களின் தோற்றத்தில் பாதி இந்த வேதியியலால் வந்தது. லிண்ட் கற்றது ஈரக் கொலோடியன் முறை. பஞ்சை அமிலங்களில் ஊறவைத்துப் பெற்ற வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவம் கிடைக்கும். அயோடைடு உப்புகள் கலந்த அந்தத் திரவத்தைச் சுத்தமான கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, தகட்டை நான்கு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்துச் சீராகப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடங்கள் அமிழ்த்தினால் தகடு ஒளிக்கு உணர்வுள்ளதாகிவிடும். அந்த ஈரம் காய்வதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள், படத்தை எடுத்து, மீண்டும் இருட்டறைக்கு ஓடி, இரும்பு சல்பேட்டுக் கரைசலால் உருவை வெளிக்கொணர்ந்து, பொட்டாசியம் சயனைடு அல்லது ஹைப்போ என்ற உப்பு கொண்டு நிலைப்படுத்தி, கழுவி, உலர்த்தி, வார்னிஷ் பூச வேண்டும். இந்த வரிசையில் எங்கே தாமதித்தாலும் தகடு வீண்.

குளிர்நாட்டில் உருவாக்கப்பட்ட இந்த முறையை வெப்பமும் ஈரக்காற்றும் மிகுந்த கிளாரன்ஸ் பள்ளத்தாக்கில் செய்வது வேறொரு சோதனை. ஈதரின் கொதிநிலையே சுமார் 35 டிகிரி செல்சியஸ்தான். கோடை நாளில் கொலோடியன் ஊற்றும்போதே ஈதர் ஆவியாகிக்கொண்டிருக்கும், தகட்டில் திட்டுத்திட்டாகப் படியும், ஈ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால் அதுவும் படத்தில் நிரந்தரமாகிவிடும். காற்றோட்டம் இல்லாத இருட்டறையில் ஈதர் ஆவியையும் சயனைடையும் நாள்தோறும் சுவாசிப்பவரின் உடல்நிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப் போகும். வெட்டவெளியில் படம் எடுக்கப் போனால், கூடாரமோ வண்டியோ இருட்டறையாக உடன் வர வேண்டும்; கேமரா, தாங்கி, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், கழுவுவதற்குச் சுத்தமான தண்ணீர் அனைத்தையும் குதிரையே சுமக்க வேண்டும். ஸ்டுடியோவுக்குள் வேலை ஓரளவு எளிது. கூரையிலும் ஒரு பக்கச் சுவரிலும் கண்ணாடி பதித்து வெளிச்சம் பெறுவார்கள். ஐரோப்பாவில் இந்தக் கண்ணாடிச் சுவர் நேர் வெயில் விழாத வடக்குப் பக்கம் இருக்கும் என்றால், தென்கோளத்தில் அது தெற்குப் பக்கம் இருந்தாக வேண்டும். தகட்டுக்குப் பல விநாடிகள் வெளிச்சம் தேவைப்பட்டதால், எதிரில் இருப்பவரின் பின்தலையை இரும்புத் தாங்கியால் பிடித்து நிறுத்துவார்கள். அக்காலப் படங்களில் எல்லோரும் சிரிப்பின்றி விறைத்து நிற்பதைக் கண்டு அவர்களுடைய குணத்தைப் பற்றி முடிவுகட்டுபவர்கள் இந்தத் தாங்கியையும் கணக்கில் கொள்வது நல்லது.

கிராஃப்டனில் அப்போது ஸ்டுடியோ வைத்திருந்தவர் கான்ராட் வாக்னர். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர், ஓவியரும்கூட. லிண்ட் 1867இல் ஒருமுறை ஜெர்மனி போய்த் திரும்பி வந்து வாக்னரிடம் வேலை செய்தார். பின்னர் அந்தத் தொழிலைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். 1872இல் வாக்னரின் மகள் அன்னாவை மணந்தார். குடியேறி ஒருவருக்கு மொழி தெரிந்த முதலாளியும் தொழிலும் குடும்பமும் ஒரே வீட்டில் கிடைத்தது என்பதை வெறும் நற்பேறாகக் கருத முடியவில்லை. ஆங்கிலேயருக்குப் பெருநில உரிமையும் அரசு வேலையும் உறவினர் செல்வாக்கும் இருந்த காலனியில், ஜெர்மானியர் போன்ற பிறநாட்டார் கைத்தொழில் வழியாகவே முன்னேற முடிந்தது. அந்தக் கைத்தொழில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாய்மொழி பேசும் வட்டத்துக்குள்ளேயே கைமாறியது. ஓவியரான மாமனாரிடம் கற்றதன் பயன் லிண்டின் படங்களில் நன்றாகத் தெரிகிறது: ஆட்களை நிறுத்தும் விதமும், வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து விழவிடும் விதமும், முன்புறத்துச் செடிகளையும் பின்புறத் திரையையும் இணைக்கும் விதமும் ஓவியனின் பயிற்சி இல்லாமல் வருவதில்லை.

இந்தத் திறமை முழுவதும் சேர்ந்து வெளிப்பட்ட வேலை, அவருக்கு முதன்முதலில் பெரும்புகழைத் தந்த வேலை, இன்று மிகுந்த விவாதத்துக்குரிய வேலையும்கூட, 1873, 1874 ஆண்டுகளில் அவர் உருவாக்கிய ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் படத் தொகுப்பு. கிளாரன்ஸ் ஆற்றின் தெற்கே கும்பைங்கிர் மக்களும் வடக்கே பண்ட்ஜலங் மக்களும் வாழ்ந்தனர். அவர்களில் சிலரை லிண்ட் தம் ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, தரையில் உண்மையான செடிகொடிகளையும் மரக்கட்டைகளையும் பரப்பி, பின்னால் காடு வரைந்த திரையைத் தொங்கவிட்டு, ஈட்டி, பூமராங், கேடயம், பின்னல் பை ஆகியவற்றைக் கையிலும் காலடியிலும் வைத்துப் படம் பிடித்தார். பொதுவாக 12 படங்கள் கொண்ட தொகுப்பாக இவை விற்கப்பட்டன. சிட்னிப் பத்திரிகை பாராட்டியது. காலனியின் நூலகங்களும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் பயணிகளும் வாங்கினர். கிளாரன்ஸ் ஆற்றின் விவசாயிகளிடம் டஜன் கணக்கில் அட்டைப் படம் விற்றுப் பிழைத்த சிற்றூர்ப் புகைப்படக்காரருக்கு, இந்தத் தொகுப்பு உலகச் சந்தையைத் திறந்துவிட்டது.

படங்களைப் பார்ப்பவருக்கு அவை காட்டில் எடுக்கப்பட்டவைபோல முதலில் தோன்றும்; சற்று உற்றுப் பார்த்தால் தரைவிரிப்பின் விளிம்போ திரையின் மடிப்போ காட்டிக்கொடுக்கும். ஆனால் என் பார்வையில் திரையைவிட முக்கியமானது, ஸ்டுடியோவின் கதவுக்கு வெளியே விடப்பட்டவை. 1870களில் அந்தப் பகுதிப் பழங்குடியினர் பலர் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்தனர். ஐரோப்பிய உடை உடுத்தினர். ஊரின் ஓரத்தில் முகாம்களில் வசித்தனர். விக்டோரியா அரசியின் பிறந்தநாளன்று அரசு ஆண்டுதோறும் கம்பளிப் போர்வை வழங்கியது. சட்டையும் தொப்பியும் அரசுப் போர்வையும் தொகுப்பில் பெரும்பாலும் இல்லை. வாங்குபவர் எதிர்பார்த்தது காலத்தால் தொடப்படாத, விரைவில் மறைந்துபோகும் என்று அக்கால ஐரோப்பியர் நம்பிய ஓர் இனத்தின் காட்சி. அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்றவாறு ஸ்டுடியோவில் ஒரு காடு கட்டப்பட்டது. உண்மையான காட்டிலோ கோடரியும் மாடும் கரும்பும் புகுந்திருந்தன.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. படங்கள் எடுக்கப்படுவதற்குச் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன், 1847இன் இறுதியில், கிராஃப்டனுக்குத் தெற்கே கங்காரு கிரீக் பண்ணையில், அதன் உரிமையாளர் தாமஸ் கூட்ஸ் ஆர்சனிக் நஞ்சு கலந்த மாவைக் கொடுத்ததால் 23 கும்பைங்கிர் மக்கள் இறந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் கைது செய்யப்பட்டு சிட்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆனால் பழங்குடியினரின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்க அன்றைய சட்டம் இடம்தராத நிலையில், ஆதாரம் போதாது என்று விடுவிக்கப்பட்டார். அந்தச் சட்டம் 1876இல்தான் மாறியது. ஆகவே லிண்டின் கேமராவின் முன் அமர்ந்த முதியவர்களுக்கு அந்த ஆற்றங்கரையில் நடந்தவை நேரடி நினைவாகவே இருந்திருக்கும். அவர்களுடைய முகத்தில் தெரியும் இறுக்கத்துக்குப் பின்தலைத் தாங்கி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. அதே சமயம் ஒரு படத்தைப் பார்த்து மனத்தைப் படித்துவிட்டதாகச் சொல்வதும் முறையன்று.

காசு கொடுத்துப் படமெடுத்துக்கொண்ட குடியேறியின் பெயர் குடும்பத்தாரிடம் நிலைத்தது. தொகுப்பில் இடம்பெற்ற பழங்குடியினரின் பெயர்களோ பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. அவர்கள் வாடிக்கையாளர்களாக வரவில்லை. விற்பனைப் பொருளின் பகுதியாக வந்தார்கள். அல்மாராவைச் சேர்ந்த மேரி ஆன் என்ற இளம்பெண்ணின் படம்போல ஒருசில மட்டுமே பெயரோடு அறியப்படுகின்றன. அண்மைக் காலத்தில் கிராஃப்டன் வட்டாரக் கலைக்கூடம் இந்தப் படங்களின் அசல் அச்சுகளைச் சேகரித்து ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்தபோது, கும்பைங்கிர், பண்ட்ஜலங் குடும்பத்தினர் அவற்றில் தம் முன்னோரைத் தேடினர். அருங்காட்சியகத்தில் ஓர் இனத்தின் மாதிரியாகக் கிடந்த படம் ஒருவருடைய கொள்ளுப்பாட்டியின் படமாக மாறியது. அந்தப் பையின் பின்னல் வகை, அந்தக் கேடயத்தின் செதுக்கு, அந்த மார்பிலுள்ள தழும்புக் கோடுகள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களையும் அவர்கள் அதிலிருந்தே எடுக்கிறார்கள். எனவே இந்தத் தொகுப்பைப் பொய் என்று தள்ளுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. காட்சியமைப்பு லிண்டுடையது, முகமும் உடலும் கைவினையும் அங்கே வந்து அமர்ந்தவர்களுடையவை.

அதே ஆண்டுகளில் லிண்ட் அப்பகுதியின் சால்ஃபெரினோ தங்கவயலையும் காடுகளையும் ஆற்றோரக் காட்சிகளையும் படம் எடுத்தார். ஆனால் தொகுப்பின் வெற்றிக்குப் பிறகு கிராஃப்டன் அவருக்குப் போதவில்லை. சில ஆயிரம் பேர் வாழும் ஒரு ஊரில் எல்லோரும் ஒருமுறை படமெடுத்து முடித்துவிட்டால், குழந்தை பிறந்தாலோ திருமணம் நடந்தாலோ ஒழிய வேலை வராது. சிற்றூர்ப் புகைப்படக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனதற்கு இதுவே காரணம். 1876இல் லிண்ட் மெல்போர்னுக்குச் சென்றார். 1877இல் நகரின் முதன்மைத் தெருவான காலின்ஸ் தெருவில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். தங்கத்தால் செழித்த அந்நகரின் செல்வர்களும் நாடக நடிகர்களும் அவருடைய புதிய வாடிக்கையாளர்கள் ஆயினர். அச்சமயம் முன்கூட்டியே தயாரித்து விற்கப்பட்ட ஜெலட்டின் உலர்தகடுகள் சந்தைக்கு வந்தன. இருட்டறையைச் சுமந்து திரியும் தொல்லை நீங்கியது. இந்த மாற்றத்தைத் தாமதமின்றிக் கைக்கொண்டவர்களில் லிண்டும் ஒருவர்.

1880ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று கிளென்ரோவன் என்ற சிற்றூரில் நெட் கெல்லியின் கொள்ளைக் கூட்டத்தைக் காவல்துறை சுற்றிவளைத்தது. விடுதிக்குள் சுடப்பட்டு இறந்த ஜோ பர்ன் என்பவரின் உடலை அருகிலுள்ள பெனாலா ஊருக்குக் கொண்டுபோய், மறுநாள் காவல் நிலையச் சிறையறைக் கதவில் கயிற்றால் கட்டி நிறுத்தினார்கள், புகைப்படம் எடுப்பதற்காக. அங்கே வந்த மற்றொரு புகைப்படக்காரர் கேமராவை நேரே உடலின் முன் வைத்தார். லிண்ட் சற்றுப் பின்னே தள்ளி நின்று, தொங்கும் உடலையும், அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் புகைப்படக்காரரையும், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும், ஓவிய ஏட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விலகி நடக்கும் ஓவியர் ஜூலியன் ஆஷ்டனையும் ஒரே சட்டத்துக்குள் பிடித்தார். ஆஸ்திரேலியாவின் முதல் செய்திப் படம் என்று இதைப் பலர் குறிப்பிடுவர். புகைப்படத்தை அப்படியே அச்சிடும் வசதி பத்திரிகைகளுக்கு அப்போது இல்லை. மரச்செதுக்குப் படமாக மாற்றித்தான் வெளியிட முடியும். ஆஷ்டன் அங்கே இருந்ததே ஒரு படப்பத்திரிகைக்கு வரைந்து கொடுப்பதற்காகத்தான்.

லிண்டின் வாழ்நாள் வேலையில் நான் மிக உயர்வாக மதிக்கும் படம் இதுவே. கிராஃப்டன் ஸ்டுடியோவில் திரையும் செடியும் வைத்துக் காட்சி கட்டியவர், இங்கே காட்சி கட்டப்படும் செயலையே காட்டிவிட்டார். அவர் அப்படி நினைத்துத்தான் நின்றாரா, முன்னே இடம் கிடைக்காததால் நின்றாரா என்று வாதிட்டுப் பயனில்லை. உடலைத் தாங்கும் கயிறு, அதைக் கட்டியவர்கள், அதை விற்கப் போகிறவர், வாங்கப் போகிற கூட்டம் என எல்லாம் அந்தத் தகட்டில் இருக்கின்றன.

1884 நவம்பரில் நியூகினித் தீவின் தென்கிழக்கைப் பிரிட்டன் தன் பாதுகாப்பின்கீழ் எடுத்துக்கொண்டது. வடகிழக்கை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. பிரிட்டன் அனுப்பிய சிறப்பு ஆணையர் சர் பீட்டர் ஸ்கிராட்ச்லியின் 1885ஆம் ஆண்டுப் பயணத்தில் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக லிண்ட் சேர்ந்தார். பிராங்க்பர்ட்டில் பிறந்தவர் தாய்நாட்டின் போட்டிப் பேரரசுக்காகப் படமெடுத்தார் என்பதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது அவர் காலனியின் மனிதராகவே முழுமையாக ஏற்கப்பட்டிருந்தார். போர்ட் மோர்ஸ்பியின் நீர்மேல் நிற்கும் வீடுகள், பானையில் தண்ணீர் சுமக்கும் மோட்டு இனப் பெண்கள், உள்நாட்டுக் கொய்யாரி மக்கள் உயர்ந்த மரங்களின் உச்சியில் கட்டிய வீடுகள் ஆகியவை அவருடைய தகடுகளில் பதிந்தன. ஸ்கிராட்ச்லி காய்ச்சல் கண்டு அதே ஆண்டு டிசம்பரில் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தார். லிண்ட் உயிரோடு திரும்பி, 50 முழுப்பக்கப் படங்களுடன் நியூகினி பற்றிய நூலை 1887இல் லண்டனில் வெளியிட்டார். இந்தப் படங்களில் பெரும்பாலானவை வெட்டவெளியில் எடுக்கப்பட்டவை. உலர்தகடு தந்த விடுதலை கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் இங்கும் வாங்குபவர் யார் என்ற கேள்வி நீங்கவில்லை: புதிதாகக் கிடைத்த நிலம் எப்படிப்பட்டது என்று அறிய விரும்பிய லண்டன் வாசகரும் காலனி அரசும்தான்.

1888இல் அன்னா இறந்தார். அடுத்த ஆண்டு லிண்ட் மறுமணம் செய்துகொண்டார். 1890இல் நியூ ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் (இன்றைய வனுவாட்டு), பின்னர் பிஜிக்கும் சென்று படமெடுத்தார். அதற்குள் மெல்போர்னின் நில ஊக வணிகம் சரிந்து, 1893இல் வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. செல்வர்களின் உருவப்படத்தை நம்பிய ஸ்டுடியோவால் அந்த வீழ்ச்சியைத் தாங்க முடியவில்லை. லிண்ட் அதை மூடிவிட்டு, நகருக்கு வடகிழக்கே பிளாக் ஸ்பர் மலைச்சாலையில், வானுயர்ந்த யூகலிப்டஸ் மரங்களும் மரப் பெரணிகளும் நிறைந்த காட்டுக்குள், ஹெர்மிட்டேஜ் என்ற பெயரில் விருந்தினர் விடுதி கட்டினார். நியூகினியில் கண்ட மர வீடுகளைப் போலவே அங்கும் மரங்களின் மேல் வீடுகள் அமைத்தார். நகரத்தார் வந்து தங்கினர். காட்டைப் படமெடுத்து அவர்களுக்கு விற்றார். 1904இல் நிக்கலஸ் கேர் என்ற மற்றொரு புகைப்படக்காரருடன் சேர்ந்து அந்த வட்டாரத்துக்குப் பயணக் கையேடும் வெளியிட்டார். 1926 பிப்ரவரி மாதம் விக்டோரியா மாநிலத்தின் மலைப்பகுதிகளைப் பெருங்காட்டுத்தீ சூழ்ந்திருந்த நாட்களில், 19ஆம் தேதி, 81ஆவது வயதில் இதயச் செயலிழப்பால் இறந்தார்.

லிண்டின் வாழ்க்கை மற்றவர்களுக்கும் பொருந்துமா என்றால், பாதிதான் பொருந்தும். பெரும்பாலான ஊர்ப் புகைப்படக்காரர்கள் இவ்வளவு நீண்ட காலம் தொழிலில் நிலைக்கவில்லை. வேறு வகையினரும் இருந்தனர். ஹாம்பர்க் பகுதியில் 1831இல் பிறந்து, 1854இல் தெற்கு ஆஸ்திரேலியா வந்து காவல்துறையில் சேர்ந்த பால் ஃபோல்ஷே, 1870 முதல் வடக்குக் கரையின் பாமர்ஸ்டன் குடியேற்றத்தில், அதாவது இன்றைய டார்வினில், காவல் ஆய்வாளராக இருந்துகொண்டே ஊரையும் லரக்கியா உள்ளிட்ட பழங்குடி மக்களையும் படமெடுத்தார். அவருக்குப் படம் விற்றுப் பிழைக்கும் தேவையில்லை. ஆனால் அவர் முன் அமர்ந்தவர்கள் ஊர்க் காவல் அதிகாரியின் முன் அமர்ந்தார்கள் என்பதை அவருடைய படங்களைப் படிப்பவர் மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்திலிருந்து வந்த பியூஃபாய் மெர்லின், தம் உதவியாளர் சார்லஸ் பேலிஸுடன் தங்கவயல் ஊரான ஹில் எண்டில் 1872இல் செய்தது முற்றிலும் வேறு. ஸ்டுடியோவுக்கு ஆள் வரட்டும் என்று காத்திராமல், கடை கடையாக, வீடு வீடாகச் சென்று, உரிமையாளரை வாசலில் நிறுத்திப் படமெடுத்து விற்றார்கள். மரப்பட்டைக் கூரையும் சேற்றுத் தெருவும் விளம்பரப் பலகையும் நாயும் குழந்தையும் அதில் தாமாகவே வந்து விழுந்தன. ஹாம்பர்க்கில் பிறந்து அந்தத் தங்கவயலில் செல்வரான பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன் இவர்களுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தார். அந்தச் சேகரத்தின் சுமார் 3,500 கண்ணாடி நெகட்டிவ்கள் 1951இல் சிட்னியின் புறநகரொன்றில் தோட்டக் கொட்டகையில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் உள்ளன. குடியேற்ற ஊர் ஒன்று உண்மையில் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர், மெர்லினின் தெருப்படங்களையும் லிண்டின் ஸ்டுடியோப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நல்லது. இரண்டும் ஓரிரு ஆண்டு இடைவெளியில், ஒரே காலனியில், ஒரே வேதியியலைக் கொண்டு எடுக்கப்பட்டவை. வாடிக்கையாளர்கள் மட்டுமே வேறு.